நியூ மூன்: படிப்பதா, படமாகப் பார்ப்பதா, தாண்டிச் செல்வதா?

பதினாறு வயதான என் அக்கா மகள், இரத்தக் காட்டேரி ஒருவனைக் காதலிக்கும் பள்ளி மாணவியைப் பற்றி ஸ்டெஃபனி மேயர் எழுதிய ‘ட்வைலைட்’ நாவலை இரண்டே நாள்களில் முடித்துவிட்டு, “சித்தி, ரெண்டாவது புக்கைப் படிக்கணுமா, இல்ல படத்தைப் பார்த்துட்டு மூணாவதுக்குப் போயிடலாமா?” என்று கேட்டாள். கதாநாயகனே இல்லாத புத்தகத்தை எதற்குப் படிக்க வேண்டும் என்று அவளுடைய தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள். நான்கு பாகங்களிலும் தனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாகம்தான் என்று இன்னொருத்தி சொல்லியிருக்கிறாள். 2006 செப்டம்பரில் அந்த இரண்டாம் பாகமான ‘நியூ மூன்’ வெளிவந்த நாள்முதல் வாசகர்கள் இப்படித்தான் பிரிந்து நிற்கிறார்கள். அவளுக்கு அப்போதே ஒரு பதிலைச் சொல்லிவிட்டேன் என்றாலும், அதற்கான காரணங்களை நிதானமாக எடுத்துவைக்க வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்களைத் தொடாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் பாகத்தை முடித்தவர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. 563 பக்கங்கள் கொண்ட இரண்டாம் பாகத்தை வரிசைப்படி படிக்கலாம். கிறிஸ் வைட்ஸ் இயக்கி 2009 நவம்பரில் வெளிவந்த திரைப்படத்தை இரண்டு மணி பத்து நிமிடங்களில் பார்த்துவிட்டு, மூன்றாம் பாகமான ‘எக்லிப்ஸ்’ நாவலுக்குப் போகலாம். இரண்டையும் விட்டுவிட்டு, கதைச் சுருக்கத்தை மட்டும் யாரிடமாவது கேட்டுக்கொண்டு நேராக மூன்றாவதற்கே தாவலாம். அல்லது, முதல் கதையையே காட்டேரிக் கதாநாயகன் எட்வர்டின் வாயிலாகத் திரும்பச் சொல்லும் ‘மிட்நைட் சன்’ நூலை இடையில் படிக்கலாம். முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு; அதில் குறை ஒன்றும் இல்லை, ஏனெனில் அந்த நாவல் தன்னளவில் நிறைவாகவே முடிகிறது. ஆனால் அடுத்தது என்ன என்று கேட்பவர் நிறுத்தப் போவதில்லை என்பதால் அந்த வழியை இங்கே விட்டுவிடுகிறேன்.

இந்தப் பாகத்தின்மீது வாசகர்கள் வைக்கும் முதற்குறை, எட்வர்ட் அதில் இல்லை என்பதுதான். கதாநாயகி பெல்லாவின் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில், பரிசுத் தாளைப் பிரிக்கும்போது அவள் விரல் கீறி ஒரு துளி இரத்தம் வருகிறது. எட்வர்டின் காட்டேரிக் குடும்பமான கல்லன் குடும்பத்தில் இரத்தப் பசியை அடக்க இன்னும் முழுமையாகப் பழகாத ஜாஸ்பர் அவள்மீது பாய்கிறான். தன் குடும்பத்தின் அருகாமையே அவளுக்கு ஆபத்து என்று முடிவுகட்டும் எட்வர்ட், மூன்றாம் அத்தியாயத்தில் அவளைக் காட்டுக்குள் அழைத்துச் சென்று, இனி அவள் தனக்கு வேண்டாம் என்று பொய் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் மீண்டும் நேரில் தோன்றுவது இருபதாம் அத்தியாயத்தில். நூலில் இருப்பவை மொத்தம் இருபத்து நான்கு அத்தியாயங்கள். முதல் நாவலை அவனுக்காகவே நேசித்த வாசகிக்கு இது ஏமாற்றமாக இருப்பதில் வியப்பில்லை. நானும் முதல்முறை படித்தபோது, பக்கங்களைப் புரட்டிப் புரட்டி அவன் பெயர் எங்கே வருகிறது என்று தேடியிருக்கிறேன்.

இந்தக் குறைக்கு ஆதரவாக இன்னொரு தகவலும் சொல்லப்படுவதுண்டு. மேயர் முதல் நாவலுக்குப் பின் முதலில் எழுதிய தொடர்ச்சி இதுவன்று. ‘ஃபாரெவர் டான்’ என்று பெயரிட்டு அவர் எழுதிய கைப்பிரதி, பள்ளிக் காலத்தைத் தாண்டிச் சென்றுவிட்டது. ‘ட்வைலைட்’ இளையோர் நூலாக வெளிவரப் போகிறது என்றான பிறகு, பெல்லா பள்ளியில் இருக்கும்போதே நடக்கும் கதை தேவைப்பட்டது. அப்படி எழுதப்பட்டவைதான் இரண்டாம், மூன்றாம் பாகங்கள். பழைய கைப்பிரதியின் கதை பிற்பாடு நான்காம் பாகமான ‘பிரேக்கிங் டான்’ நூலுக்கு அடிப்படையாயிற்று. ஆகவே இது இடைவெளியை நிரப்ப வந்த பாகம்தானே, தாண்டினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு நூல் எந்தத் தேவையால் எழுதப்பட்டது என்பது அதன் தரத்தைத் தீர்மானித்துவிடாது. நால்வரிசையில் கட்டமைப்பு மிக இறுக்கமாக இருப்பது இந்த நூலில்தான் என்பது என் கருத்து.

காரணம் சொல்கிறேன். நூலின் தொடக்கத்தில், ‘ரோமியோ அண்ட் ஜூலியட்’ நாடகத்தின் இரண்டாம் அங்கத்திலிருந்து சில வரிகளை மேயர் முகப்பாக வைத்திருக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே அந்த நாடகத்தின் பழைய திரைவடிவத்தைப் பெல்லாவும் எட்வர்டும் பள்ளிப் பாடத்துக்காக உட்கார்ந்து பார்க்கிறார்கள். அப்போது பேச்சுவாக்கில், முன்பு அவள் உயிருக்கு ஆபத்து வந்தபோது தான் காட்டேரிகளை ஆளும், இத்தாலியில் உள்ள வோல்தூரிகளிடம் சென்று சாவைக் கேட்க நினைத்திருந்ததாக அவன் சொல்கிறான். பிறந்தநாள் பரபரப்பில் வாசகர் அதை மறந்துவிடுகிறார். முந்நூறு, நானூறு பக்கங்களுக்குப் பிறகு, பெல்லா இறந்துவிட்டாள் என்ற தவறான செய்தி ஒரு தொலைபேசி அழைப்பின் வழியே அவனுக்குப் போய்ச் சேரும்போது, அந்தப் பேச்சு முழு எடையோடு திரும்பி வருகிறது. பதினாறாம் அத்தியாயத்தின் தலைப்பு ‘பாரிஸ்’. அது பிரெஞ்சு நகரத்தைக் குறிப்பதாக எண்ணிப் படிக்கத் தொடங்குபவர்கள் உண்டு; ஜூலியட்டை மணக்க இருந்த பாரிஸ் பிரபுவின் பெயர் அது. ரோமியோ திரும்பி வராமலே போயிருந்தால் ஜூலியட் என்ன செய்திருப்பாள், தன்னை நேசித்த நல்லவன் ஒருவனோடு வாழப் பழகியிருப்பாளா என்று பெல்லா தன் நண்பன் ஜேக்கப்பின் பக்கத்தில் அமர்ந்து யோசிக்கும் அந்தப் பக்கங்கள், நான்கு பாகங்களிலும் அவள் முதிர்ச்சியோடு சிந்திக்கும் அரிய இடங்களில் ஒன்று. எட்வர்ட் இல்லாத பதினாறு அத்தியாயங்களும் இந்த ஒரு கேள்விக்காகவே எழுதப்பட்டவை என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் இடையிலேயே வந்துபோய்க்கொண்டிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

பிரிவைச் சொல்லும் விதமும் கவனிக்கத் தக்கது. மூன்றாம் அத்தியாயம் முடிந்தபின் வரும் பக்கங்களில் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதங்களின் பெயர்கள் மட்டுமே பக்கத்துக்கு ஒன்றாக அச்சிடப்பட்டிருக்கின்றன. வேறு ஒரு சொல்கூட இல்லை. தன்மையில் கதை சொல்லிவந்த ஒருத்திக்கு நான்கு மாதங்களாகச் சொல்வதற்கு எதுவுமே இல்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. இதை வெறும் உத்தி என்று ஒதுக்குபவர்களோடு நான் உடன்படவில்லை. ஒலிநூலாகக் கேட்க நினைப்பவர்களுக்கும் இதையொட்டி ஒரு சொல்: இல்யானா கதூஷின் வாசித்திருக்கும் பதிவு நன்றாகவே இருக்கிறது, ஆனால் கையால் புரட்டிப் பார்க்கும் வெற்றுப் பக்கத்தைக் காதுக்குக் கொடுக்க எந்த வாசிப்பாளராலும் முடியாது.

இரண்டாவது வகை வாசகர்கள் இந்தப் பாகத்தைப் போற்றுவதற்குக் காரணம் ஜேக்கப் பிளாக். முதல் நாவலில், எட்வர்டின் இரகசியத்தைப் பெல்லாவுக்குத் தெரிவிப்பதற்கான ஒரு கருவியாகவே அவன் உருவானான் என்று மேயரே சொல்லியிருக்கிறார். அவருக்கும் அவருடைய பதிப்பாசிரியருக்கும் அந்தப் பையன்மீது ஏற்பட்ட பிரியமே அவனை இரண்டாம் பாகத்தின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தது. ஐந்தாம் அத்தியாயம் முதல் ஒன்பதாம் அத்தியாயம் வரை பெரிதாக ஒன்றும் நிகழ்வதில்லை. குப்பைக்குப் போகவிருந்த இரண்டு மோட்டார் சைக்கிள்களைப் பெல்லா கொண்டுவருகிறாள். லா புஷ் கிராமத்தில் தன் வீட்டுக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் ஜேக்கப் அவற்றைப் பழுதுபார்க்கிறான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பகுதி நகரவே இல்லை என்பது பரவலான குறை. எனக்கு இதுவே நூலின் உயிர்நிலை. துக்கத்தில் இருப்பவர் திரும்பி வருவது ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஒருவன் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு, மாலைவரை எதையோ பேசிக்கொண்டு, தன்னையறியாமல் ஒருமுறை சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தானே திடுக்கிடுவதன் மூலம்தான் நிகழ்கிறது. அந்த மெதுவான நேரத்தை மேயர் அவசரப்படுத்தவில்லை.

‘டீம் எட்வர்ட்’, ‘டீம் ஜேக்கப்’ என்று வாசகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்ததற்கும் விதை இங்கேதான் விழுந்தது. முதல் நாவலில் ஜேக்கப் ஒரு போட்டியாளனே அல்லன். ‘எக்லிப்ஸ்’ நாவலின் 629 பக்கங்களும் பெல்லா இருவருக்கிடையே கிழிபடுவதைப் பற்றியவை. அவள் எதை இழக்க அஞ்சுகிறாள் என்பதை அந்தக் கொட்டகையில் கூட இருந்து பார்த்த வாசகரால்தான் உணர முடியும். ஆகவே நேராக மூன்றாவதற்குத் தாவும் வழியை நான் சற்றும் பரிந்துரைக்க மாட்டேன். விக்டோரியா என்ற காட்டேரி பழிவாங்கத் தேடுகிறாள், லாரன்ட் என்ற காட்டேரி ஓநாய்களாக மாறும் ஜேக்கப்பின் கூட்டத்திடம் மாண்டான், பெல்லாவைத் தம்முள் ஒருத்தியாக மாற்றியாக வேண்டும் என்று வோல்தூரிகள் நிபந்தனை விதித்தார்கள், தன்னை மணந்துகொண்டால் தானே அவளை மாற்றுவதாக எட்வர்ட் சொன்னான் என்று நிகழ்ச்சிகளை அரைப்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். நட்பை அப்படி எழுதிக் கொடுக்க வழியில்லை. சுருக்கத்தை மட்டும் தெரிந்துகொண்டு மூன்றாம் பாகத்தைப் படிப்பவர்கள், எட்வர்ட் இருக்கும்போது இவள் ஏன் இந்தப் பையனுக்காக அழுகிறாள் என்று எரிச்சலடைகிறார்கள். அவர்கள் நிலையில் அது நியாயமான எரிச்சலே.

மூன்றாவது வகை எதிர்வினைதான் மிகக் கனமானது, அதை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை. காதலன் போனதும் உணவு, நண்பர்கள், பேச்சு என எல்லாவற்றையும் விட்டுவிட்டு மாதக்கணக்கில் நடைப்பிணமாகும் பெண்ணை இளம் வாசகிகளுக்கு முன்னிறுத்தலாமா என்பது அந்தக் கேள்வி. ஆபத்தான செயல்களில் இறங்கும்போது எட்வர்டின் குரல் தன் காதில் ஒலிப்பதைக் கண்டுகொள்ளும் பெல்லா, அந்தக் குரலுக்காகவே மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்டுகிறாள், கடலோரப் பாறை உச்சியிலிருந்து குதிக்கிறாள். சாகும் நோக்கத்தோடு அவள் குதிக்கவில்லை என்பது உரையில் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் வருங்காலத்தைக் காணும் எட்வர்டின் சகோதரி ஆலிஸுக்கே அது தற்கொலையாகத்தான் தெரிகிறது, எட்வர்ட் சாவைத் தேடிப் போவதும் அந்தத் தவறான புரிதலால்தான். ஒருவர் போய்விட்டால் மற்றவர் வாழக் கூடாது என்ற எண்ணத்தை நூல் அழகாக்கிக் காட்டுகிறது என்று சொல்பவர்களின் கவலை உண்மையானது. மனச்சோர்வை அனுபவித்த வாசகர்கள் பலர் இதற்கு நேர்மாறாக, தங்கள் உள்ளே நடந்ததை ஒரு இளையோர் நாவலில் முதன்முதலாக இங்கேதான் பார்த்தோம் என்று சொல்வதும் அதே அளவு உண்மை. நெஞ்சில் ஓட்டை விழுந்ததுபோல, கைகளால் தன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நடக்கும் பெல்லாவை மேயர் மிகைப்படுத்தாமல் எழுதியிருக்கிறார்.

என் முடிவு இது: அண்மையில் ஒரு பிரிவையோ சாவையோ சந்தித்து இன்னும் அதன் நடுவில் இருக்கும் பிள்ளைக்கு இந்த நூலை இப்போது கொடுக்க மாட்டேன், சில மாதங்கள் போகட்டும். மற்றவர்களுக்குத் தடை தேவையில்லை. அமெரிக்க நூலகச் சங்கம் 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட, நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிக எதிர்ப்புக்குள்ளான பத்து நூல்களின் பட்டியல்களில் இந்த வரிசை இடம்பெற்றது. நீக்குவதைக் காட்டிலும் கூடவே ஒரு பெரியவர் படித்துப் பேசுவது எத்தனையோ மேல் என்பது, என் அக்கா மகளோடு முதல் பாகத்தைப் பற்றிப் பேசிய ஒரு மாலையிலேயே எனக்குத் தெளிவாகிவிட்டது.

திரைப்படத்துக்கு வருவோம். வெளிவந்த முதல் மூன்று நாள்களில் அமெரிக்கா, கனடாவில் மட்டும் 14 கோடி டாலருக்கு மேல் ஈட்டிய படம் இது. ஆகவே பலருக்கு ‘நியூ மூன்’ என்றால் படம்தான். அதில் நல்லவை இருக்கின்றன. வெற்று மாதப் பக்கங்களுக்கு ஈடாக, சன்னலோரம் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கும் பெல்லாவைக் காமிரா சுற்றிச் சுற்றி வர, வெளியே பருவம் மாறிக்கொண்டே போகும் காட்சி உண்மையிலேயே நன்றாக அமைந்தது. ஜேக்கப்பின் பாத்திரத்துக்கு வேறு நடிகரைப் போடலாமா என்று தயாரிப்பாளர்கள் யோசித்தபோது, சுமார் 30 பவுண்டு உடல் எடையைக் கூட்டித் தன் இடத்தைத் தக்கவைத்துக்கொண்ட டெய்லர் லாட்னர், அந்தப் பையனின் வெளிச்சத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்.

இருந்தாலும் இரண்டு மாற்றங்கள் கதையின் தன்மையையே மாற்றிவிடுகின்றன. நாவலில் பெல்லா கேட்பது குரல் மட்டுமே. அது தன் மனத்தின் வேலையா, அவனுடைய அன்பின் எச்சமா என்று அவளும் அறியாள், நாமும் அறியோம். படத்தில் எட்வர்டின் உருவமே புகையைப்போலத் தோன்றி மறைகிறது. நட்சத்திரத்தின் முகத்தை இரண்டு மணி நேரம் காட்டாமல் இருக்க முடியாது என்ற கட்டாயம் புரிகிறது. ஆனால் அவன் இல்லாமையை அனுபவிக்க வேண்டிய பார்வையாளருக்கு அவன் அவ்வப்போது வந்து முகம்காட்டிவிட்டுப் போகிறான். அடுத்து, வோல்தூரிகளின் கூடத்தில் படம் ஒரு அடிதடிச் சண்டையைச் சேர்க்கிறது. நூலில் அங்கே சண்டையே கிடையாது. வோல்தூரித் தலைவன் ஆரோவின் மரியாதையான பேச்சும், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் அச்சமும்தான் இருக்கின்றன, அவையே அதிகமாக நடுங்க வைக்கின்றன. கதை நடக்கும் வோல்டெர்ரா நகரம் உண்மையான ஊர். படப்பிடிப்பு நடந்தது மோன்டேபுல்சானோ என்ற வேறொரு தஸ்கன் ஊரில் என்பது படத்தைப் பார்த்து இத்தாலிக்குப் பயணம் திட்டமிடுபவர்களுக்கு மட்டும் தேவைப்படும் செய்தி.

எல்லாவற்றையும்விட, படத்தில் கொட்டகைப் பகுதி சில நிமிடங்களுக்குச் சுருங்கிவிடுகிறது. படத்தைப் பார்த்துவிட்டு மூன்றாம் நாவலுக்குப் போகிறவர் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டவராவார். ஜேக்கப்பை மட்டும் பாதியே தெரிந்தவராக இருப்பார். புத்தகத்துக்குப் பின் பார்த்தால் நல்ல துணையாகவும், புத்தகத்துக்குப் பதிலாகப் பார்த்தால் குறையாகவும் அமையும் படம் என்பதே என் மதிப்பீடு.

‘மிட்நைட் சன்’ வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முடிவுறாத கைப்பிரதி 2008இல் அனுமதியின்றிப் பரவியதால் மேயர் அதை நிறுத்தி வைத்தார். முழு நூல் 2020 ஆகஸ்டில் வந்தது. எட்வர்டை மட்டும் விரும்பும் வாசகிக்கு இதுவே அடுத்த நூலாக இருக்க வேண்டும் என்று தோன்றலாம். அந்த நூல் முழுவதும் தான் அவளுக்குக் கேடு என்ற எண்ணம் அவனுக்குள் வளர்ந்துகொண்டே போகிறது. அதை முன்கூட்டியே படித்துவிட்டால், காட்டில் அவன் சொல்வது பொய் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பெல்லாவோடு சேர்ந்து அதை நம்பி ஏமாறுவதுதான் இரண்டாம் பாகத்தின் வாசிப்பு அனுபவம். 2006இல் படித்தவர்களுக்குக் கிடைத்த அந்த அதிர்ச்சியை இன்றைய வாசகி கைவிட வேண்டிய தேவையில்லை. பின்னால் படித்தால், அவன் ஏன் அப்படிச் செய்தான் என்ற கோபத்துக்கு அந்த நூல் பதில் சொல்லும்.

எந்த வழியில் சென்றாலும் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஜேக்கப்பின் குடி கற்பனையானதன்று. குவில்யூட் மக்கள் வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் இன்றும் வாழ்கிறார்கள். ஓநாய்களிலிருந்து மனிதர்களாக மாற்றப்பட்டவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய தோற்றக் கதை. வெறிகொண்டால் ஓநாயாக மாறும் இளைஞர்கள் மேயரின் கற்பனை. சியாட்டிலின் பர்க் அருங்காட்சியகம் அந்த மக்களோடு சேர்ந்து இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. இரண்டாம் பாகத்தில்தான் ஓநாய்க் கூட்டம் முதன்முதலாக முழுமையாக வருவதால், இதைச் சொல்லிவிட்டே நூலை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: புத்தகத்தை வரிசைப்படி படி, முடித்த அன்று படத்தைப் பார், பிறகு ‘எக்லிப்ஸ்’, நான்கும் முடிந்தபின் ‘மிட்நைட் சன்’. நடுவில் பொறுமை போய்விட்டால் ஐந்து முதல் ஒன்பது வரையிலான அத்தியாயங்களை ஒரே மூச்சில் படிக்காமல் நாளுக்கு ஒன்றாகப் படிக்கலாம் என்றும், கடைசிப் பக்கங்களைப் புரட்டி எட்வர்டைத் தேட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். நேற்று அவள் பதினொன்றாம் அத்தியாயத்தில் இருந்தாள். ஜேக்கப் ஏன் தொலைபேசியை எடுப்பதில்லை என்று என்னிடம் கேட்டாள். நான் சொல்லவில்லை.